பெயர்ப்பலகையின் பின்பக்கம்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடி வந்த நம்மவர், வந்த ஊரில் வேரூன்றிவிட்டோம் என்பதற்கு எதனை அடையாளமாகக் கொள்கின்றனர்? ரேஷன் அட்டையையா? பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையையா? இவை யாவும் வேண்டியவையே. எனினும், சிறியதாயினும் சொந்தமாக ஒரு கடையைத் திறந்து, அதன் நெற்றியில் குலதெய்வத்தின் பெயரையோ பெற்றோரின் பெயரையோ எழுதி வைக்கும் நாளில் உண்டாகும் நிறைவு தனியானது. மும்பையின் மாதுங்காவிலும் தாராவியிலும், தில்லியின் கரோல்பாக்கிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டிலும் இத்தகைய பெயர்ப்பலகைகளைக் காண்கிறோம். ஒவ்வொன்றுக்கும் பின்னே ஒரு குடும்பத்தின் உழைப்பு இருக்கிறது.

உழைப்பு இருக்கிறது; சரி. வேறு என்ன இருக்கிறது? அப்பலகையைத் தாங்கும் சுவர் எத்தகையது? எத்தனை போல்ட்டுகள் அதைப் பிடித்திருக்கின்றன? உள்ளே ஓடும் மின்கம்பி எங்கிருந்து வருகிறது? பலகை செய்யக் கொடுக்கும்போது எழுத்தின் அழகையும், நிறத்தையும், விலையையும், முகூர்த்த நாளுக்குள் கிடைக்குமா என்பதையும் கேட்கிறோம். முன்பக்கத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கும் நாம், பின்பக்கத்தைப் பற்றி ஒன்றேனும் கேட்பதில்லை. ஆனால் உயிருக்கு ஆபத்து வருவதெல்லாம் பின்பக்கத்திலிருந்தே. அதனைப் பற்றிச் சில செய்திகளை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு விபத்துகள், நான்கு பாடங்கள்

2024-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் மாலை, மும்பையின் காட்கோபர் பகுதியில் புழுதிக் காற்றும் மழையும் வீசியபோது, பெரியதொரு விளம்பரப் பலகை பெட்ரோல் நிலையம் ஒன்றின் மீது சாய்ந்தது. 17 பேர் மாண்டனர். 70-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அப்பலகை ஏறத்தாழ 120 அடி நீளமும் 120 அடி உயரமும் கொண்டது. மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவோ 40-க்கு 40 அடிதான். பக்கங்கள் மும்மடங்கு என்றால் பரப்பு ஒன்பது மடங்கு அன்றோ? காற்று அறைவது அந்தப் பரப்பின் மீதே. அதனைத் தாங்கும் அஸ்திவாரம் போதிய வலிமையற்றிருந்தது என்பதே ஆய்ந்த பொறியியல் வல்லுநர்களின் முடிவு.

அதற்கு முந்தைய ஆண்டு, 2023 ஏப்ரல் 17-ஆம் நாள், புணேயை அடுத்த பிம்பிரி சிஞ்ச்வடின் கிவளே பகுதியில், மழைக்கு ஒதுங்கி ஒரு விளம்பரப் பலகையின் கீழ் நின்றவர்கள் மேல் அது விழுந்து ஐவர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், நம் கோயம்புத்தூர் மாவட்டத்தின் கருமத்தம்பட்டி அருகே, பலகையைப் பொருத்தும் வேலையில் ஈடுபட்டிருந்த தொழிலாளர் மூவர், சட்டம் சரிந்து மாண்டனர். 2018 அக்டோபர் 5-ஆம் நாள் புணே நகரில் நிகழ்ந்ததோ இதற்கு எதிரான வேலையின்போது. பழைய பலகை ஒன்றை அகற்ற வந்தவர்கள், மேற்பகுதியைக் கழற்றி இறக்காமல் கீழ்க்கால்களை அறுத்தார்கள். சட்டம் முழுவதுமாகச் சாலையில் நின்றிருந்த வாகனங்களின் மேல் விழ, நால்வர் மாண்டனர்.

இந்நான்கையும் சேர்த்து நோக்கினால் உண்மை விளங்கும். பலகை நிற்கும்போது மட்டுமன்றி, ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஆபத்து உண்டு. அடியில் நடப்பவனுக்கும் உண்டு. மேலே ஏறி வேலை செய்பவனுக்கும் உண்டு. “அவையெல்லாம் பெரிய கம்பெனிகளின் ராட்சதப் பலகைகள், நம் கடையின் சிறு பலகைக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்பவர் இருக்கலாம். சம்பந்தம் காற்றில் இருக்கிறது.

காற்றின் கணக்கு

சுவரில் மாட்டிய பலகை ஒரு பாய்மரத்தைப் போன்றது. அதன் எடையை மட்டும் பார்த்து, “இருபது கிலோதானே!” என்று எண்ணுவது தவறு. காற்று அதனை எவ்வளவு விசையுடன் தள்ளும், இழுக்கும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். கட்டடங்கள் தாங்க வேண்டிய காற்றின் வேகத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனம் தனது ஐ.எஸ். 875 என்னும் விதித்தொகுப்பின் மூன்றாம் பகுதியில் ஊர்வாரியாகக் குறித்துள்ளது. 2015-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, அடிப்படைக் காற்று வேகம் பெங்களூருக்கு வினாடிக்கு 33 மீட்டர், புணேக்கும் அகமதாபாத்துக்கும் 39, மும்பைக்கும் ஐதராபாத்துக்கும் 44, கொல்கத்தாவுக்கும் சென்னைக்கும் 50. மும்பையின் 44 மீட்டர் என்பது மணிக்கு ஏறத்தாழ 158 கிலோமீட்டர் வேகமாகும்.

வேகத்திலிருந்து அழுத்தத்தைக் காண எளிய வழி ஒன்று உண்டு. வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை 0.6-ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் மீது விழும் அழுத்தம் நியூட்டன் கணக்கில் கிடைக்கும். மும்பைக்கு இது ஏறத்தாழ 1160 நியூட்டன். அதாவது சதுர மீட்டருக்கு 118 கிலோ பாரம். பன்னிரண்டு அடி நீளமும் மூன்றடி உயரமும் உள்ள சாதாரணக் கடைப்பலகையின் பரப்பு மூன்றேகால் சதுர மீட்டருக்குச் சற்று மிகுதி. அதன் மேல் விழும் விசை ஏறக்குறைய 400 கிலோ. அதே பலகை பெங்களூரில் ஏறக்குறைய 220 கிலோவையும், கொல்கத்தாவில் 500 கிலோவுக்கு மேலும் தாங்க வேண்டியிருக்கும். கட்டடத்தின் உயரத்தையும் தெருவின் அமைப்பையும் பொறுத்து இவ்வெண்கள் கூடும், குறையும். திட்டமான கணக்கைப் பொறியாளர்தான் போட வேண்டும். நாம் அறிய வேண்டியது இவ்வளவே: இருபது கிலோப் பலகை புயல் நாளில் இருபது கிலோவாக இருப்பதில்லை.

மற்றொன்றையும் மறத்தலாகாது. காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஆகவே, “பத்து ஆண்டுகளாக நிற்கிறது, ஒன்றும் ஆகவில்லை” என்பது பாதுகாப்புக்குச் சான்று அன்று. பத்து ஆண்டுகளில் வராத காற்று பதினோராம் ஆண்டில் வரலாம்.

தெருவில் இருபுறமும் வருவோர்க்குத் தெரியும்படி சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் பலகைகள் இன்னும் கவனத்துக்குரியவை. முப்பது கிலோ எடையுள்ள பலகையின் நடுப்பகுதி சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகவும், சுவரில் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 20 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது மேல் போல்ட்டைச் சுவரிலிருந்து பிடுங்க முயலும் விசை 90 கிலோ. காற்றின் விசை இதற்கு மேல். நெம்புகோலால் பாறையைப் பெயர்ப்பது போல, பலகை தன் போல்ட்டைத் தானே பெயர்க்கிறது. போல்ட்டுகளின் இடைவெளியை இரு மடங்காக்கினால் அவ்விழுவிசை பாதியாகும். செலவோ இன்னும் ஒரு சாண் இரும்பு மட்டுமே.

சுவரை அறிந்து துளையிடுக

பலகையைப் பிடிப்பது போல்ட் அன்று. போல்ட்டைப் பிடித்திருக்கும் சுவரே. எனவே துளையிடுமுன் சுவர் எத்தகையது என்று அறிதல் வேண்டும். கான்கிரீட் பீமும் லிண்டலும் சிறந்தவை. திடமான செங்கல் சுவர் அடுத்தது. அதிலும் செங்கலின் நடுவே துளையிட வேண்டுமேயன்றி, இரு கற்களுக்கு இடையேயுள்ள சாந்தில் துளையிடலாகாது. உள்ளீடற்ற சிமெண்டுக் கற்களால் கட்டிய சுவரில் சாதாரண விரிவு போல்ட் நிற்காது. அதற்கெனத் தனி வகை உண்டு. மாடியின் கைப்பிடிச் சுவரிலும், சன்ஷேடின் விளிம்பிலும் பாரமான பலகையைக் கட்டுவதைத் தவிர்ப்பதே நலம். அவை தம்மைத் தாமே தாங்குவதற்கன்றிப் பிறவற்றைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல.

சுவரின் மேற்பூச்சு எவ்வளவு தடித்திருந்தாலும் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. போல்ட் இறங்க வேண்டிய ஆழம் பூச்சுக்கு அப்பால் தொடங்குகிறது. துளையிட்டபின் உள்ளே தங்கும் தூளைத் தூரிகையாலும் காற்றாலும் அகற்ற வேண்டும். பசை மருந்து இட்டுப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கர்களுக்கு இது இன்றியமையாதது. தூள் தங்கிய துளையில் பசை தூளைப் பற்றுமேயன்றிச் சுவரைப் பற்றாது. அப்பசை இறுகுவதற்கு உரிய நேரம் அதன் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். முகூர்த்தத்துக்கு நேரமாகிறதென்று இறுகுமுன் பலகையை ஏற்றச் சொல்வது, அடுப்பில் ஏற்றிய அரிசி வேகுமுன் பந்தி வைப்பதற்கு ஒப்பாகும். பழைய செங்கல் சுவராயின், போல்ட்டைச் சுவரின் மறுபுறம் வரை செலுத்தி, உட்பக்கத்தில் இரும்புத் தகடு வைத்து முடுக்குவது உறுதியான முறை.

துருவும் தீயும்

கடலோர நகரங்களில் வாழ்வோர்க்கு உப்புக் காற்று ஒரு மறைமுகப் பகை. துத்தநாகப் பூச்சிட்ட இரும்புச் சட்டம் நல்லதே. ஆனால் வெல்டிங் வைத்த இடங்களில் அப்பூச்சு எரிந்துவிடுகிறது. அவ்விடங்களில் துத்தநாகம் கலந்த வர்ணம் மீண்டும் பூசப்பட்டதா என்று பார்க்க வேண்டும். கடற்கரைக்கு அண்மையில், 316 என்னும் தர எண் கொண்ட எவர்சில்வர் போல்ட்டுகள் நீடித்து உழைக்கும். அலுமினியமும் எஃகும் நேருக்கு நேர் தொட்டிருக்கும் இடத்தில் உப்பு நீர் பட்டால் அலுமினியம் விரைவில் அரிக்கப்படும். இடையே நைலான் வாஷர் இடுவது அதனைத் தடுக்கும். விளக்குப் பெட்டியின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் இருக்க வேண்டும். துளையில்லாப் பெட்டி மழைக்காலத்தில் தொட்டியாகிவிடும்.

முகப்புக்கு இக்காலத்தில் பெரிதும் பயன்படும் அலுமினியக் கலப்புத் தகடுகளின் உள்ளே இருப்பது பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்த பாலிஎத்திலீன். அது தீப்பற்றக் கூடியது. தீயைத் தாங்கும் வகையும் கடைகளில் கிடைக்கிறது. விலை சற்று அதிகமே; ஆனால் கடைக்கு மேல் குடும்பங்கள் குடியிருக்கும் கட்டடங்களில் அதனையே கேட்டு வாங்குவது நம் கடமை.

மின்சாரம்

பழைய நியான் விளக்குகளுக்குப் பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் தேவை. இன்று பரவலாக உள்ள எல்.இ.டி. எழுத்துகள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் எரிகின்றன. அதனால் அச்சமில்லை என்று பலர் கருதுகின்றனர். எழுத்துக்குச் செல்வது 12 வோல்ட்தான். ஆனால் அதனை வழங்கும் மின்பெட்டிக்கு வருவது வீட்டு மின்சாரமாகிய 230 வோல்ட். அப்பெட்டியும் பலகைக்குள்ளேயே மழையில் நனைந்துகொண்டிருந்தால் என் செய்வது?

ஆகவே இவற்றை வற்புறுத்திக் கேளுங்கள். வெளியே வைக்கும் மின்பெட்டி ஐ.பி. 65 தரமுடையதாக இருக்கட்டும். தூசு புகாமலும், பீய்ச்சும் நீரைத் தாங்கியும் நிற்பது அத்தரம். உலோகச் சட்டத்துக்கு முறையான எர்த் இணைப்புத் தரப்படட்டும். பலகைக்கான இணைப்பு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வழியாக வரட்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருங்கே துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று கடைக்குள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கம்பிகள் குழாய்க்குள் செல்லட்டும். சுருள் ஷட்டரின் பாதையில் ஒருபோதும் தொங்கலாகாது. ஷட்டர் ஏறி இறங்குகையில் கம்பியின் உறை தேய்ந்து, ஒரு நாள் காலையில் ஷட்டர் முழுவதும் மின்சாரம் பாய்ந்து நிற்கும். கடை திறக்க அதன்மீது முதலில் கை வைப்பவர் நீங்களோ உங்கள் வேலைக்காரப் பையனோ அல்லவா?

எழுத்து மாறும்போது எச்சரிக்கை

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கே உரிய ஒரு செய்தி உண்டு. மராட்டிய மாநிலம் 2022-ஆம் ஆண்டில் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி, எல்லாக் கடைகளின் பெயரும் தேவநாகரி எழுத்தில் மராட்டியில் இருக்க வேண்டும், பிறமொழி எழுத்து அதனைவிடப் பெரிதாகலாகாது என்று விதித்தது. இரண்டு மாதங்களுக்குள் இதனை நிறைவேற்றுமாறு உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் மும்பை வணிகர்களிடம் கூறியது. கர்நாடகம் 2024-ஆம் ஆண்டில் இயற்றிய திருத்தச் சட்டப்படி, பெயர்ப்பலகையில் நூற்றுக்கு 60 பங்கு கன்னடம் இருத்தல் வேண்டும். வாழும் மண்ணின் மொழிக்கு இடமளிப்பது மரியாதை. அதில் நமக்கு மனவருத்தம் வேண்டுவதில்லை.

வருத்தத்துக்குரியது, கெடு நெருங்கும்போது செய்யும் அவசர வேலையே. பழைய பலகையை அப்படியே விட்டு, அதன் மேல் புதிய பலகையை அறைந்துவிடுவது எளிதாகத் தோன்றும். ஆனால் பழைய போல்ட்டுகள் இப்போது இரட்டைப் பாரம் சுமக்கின்றன. புதியது பெரிதாயிருப்பின் காற்றின் விசையும் கூடிவிடும். பழையதன் துருவும் தேய்ந்த கம்பியும் கண்ணுக்கு மறைந்துவிடும். எழுத்தை மாற்ற வேண்டிய நாளே பின்பக்கத்தைத் திறந்து பார்ப்பதற்கு உகந்த நாள் என்று கொள்ளுங்கள். பழையதை இறக்குங்கள், போல்ட்டுகளை ஆராயுங்கள், பிறகு புதியதை ஏற்றுங்கள்.

அனுமதியையும் அசட்டை செய்யலாகாது. மும்பையில் 1888-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தின் 328, 328ஏ பிரிவுகள், கட்டடத்துக்கு மேல் வானில் தோன்றும் பலகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் ஆணையரின் அனுமதியைக் கேட்கின்றன. விதிகள் நகருக்கு நகர் மாறுபடும். விளக்குடைய பலகைக்கு ஒன்று, விளக்கில்லாததற்கு ஒன்று என்றும் இருக்கலாம். பலகைக்கு முன்பணம் கொடுக்குமுன் உங்கள் வார்டு அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வாடகைக் கடையாயின் கட்டட உரிமையாளரின் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும்.

ஏணியில் நிற்பவன்

பலகை மாட்ட வரும் தொழிலாளியும் நம்மைப் போலவே ஊரை விட்டு வந்தவனாக இருக்கலாம். அவனுக்கும் ஊரில் ஒரு தாய் காத்திருப்பாள். தெருவில் செல்லும் மின்கம்பிகளுக்கு மிக அருகில் இரும்பு ஏணியையோ நீண்ட அலுமினியச் சட்டத்தையோ நிமிர்த்துவது யமனை அழைப்பதற்குச் சமம். தாழ்ந்த அழுத்தக் கம்பிகளுக்கும் கட்டடத்துக்கும் இடையே பக்கவாட்டில் 1.2 மீட்டரேனும் இருக்க வேண்டுமென்பது மின்பாதுகாப்பு விதிகளின் குறைந்த அளவு. கையில் நீண்ட சட்டம் பிடித்தவனுக்கு அது போதவே போதாது. அவ்விடங்களில் மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பின்னரே வேலை தொடங்க வேண்டும்.

இடுப்பு வாரும் உறுதியான சாரமும் இல்லாமல் உயரத்தில் ஏறச் சொல்லாதீர்கள். கீழே கயிறு கட்டி வழியை மறியுங்கள். மழையிலும் பலத்த காற்றிலும் வேலையை நிறுத்துங்கள். இறக்கும்போது மேலிருந்து கீழாகவே கழற்ற வேண்டும் என்பதைப் புணே நகரம் நால்வர் உயிரை விலையாகக் கொடுத்துக் கற்பித்திருக்கிறது. ஐந்நூறு ரூபாய் குறைத்துப் பேசும் நாம், அந்த ஐந்நூறு எதிலிருந்து குறைகிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். எழுத்திலிருந்து அது குறையாது. எழுத்து நம் கண்ணில் படும். போல்ட்டிலிருந்தும் வாரிலிருந்தும்தான் குறையும்.

ஆண்டுக்கு ஒரு நாள்

ஆயுத பூசையன்று கடையின் தராசையும் கல்லாவையும் துடைத்துப் பொட்டிடுகிறோம். அவ்வாறே மழைக்காலம் தொடங்குமுன் ஆண்டுக்கு ஒரு நாளைப் பலகைக்கென ஒதுக்குதல் நன்று. நட்டுகள் தளர்ந்துள்ளனவா? சுவரில் போல்ட்டைச் சுற்றி வெடிப்பு உண்டா? துருக்கறை வழிந்த கோடு தெரிகிறதா? பலகையைத் தொட்டால் ஆடுகிறதா? சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஆர்.சி.சி.பி. உடனே துண்டிக்கிறதா? இவற்றுள் ஒன்றேனும் குறையாயின், அன்றே மின்சாரத்தை நிறுத்தி, தகுந்தவரை அழையுங்கள். பயன்படாத பழைய சட்டங்களைச் சுவரில் விட்டுவைக்க வேண்டா. கடையின் காப்பீடு, பலகையால் பிறருக்கு நேரும் தீங்கையும் ஏற்கிறதா என்று முகவரிடம் கேட்டு வையுங்கள்.

சங்கத்து அன்பர்கள் இதில் செய்யக் கூடிய தொண்டும் உண்டு. நம்மிடையே பொறியாளர்களும் மின்பணியாளர்களும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து, நம்மவர் கடைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்துச் சொன்னால், அது பல விழாக்களினும் சிறந்த பணியாகும்.

பெயர்ப்பலகையில் நாம் எழுதுவது நம் தாயின் பெயரை, தந்தையின் பெயரை, தொழும் தெய்வத்தின் பெயரை. அப்பெயரைத் தாங்கிய பலகை வழிப்போக்கன் ஒருவன் தலையில் விழுந்ததென்ற பழிச்சொல் நம் குடும்பத்துக்கு வரலாகாது. வந்த ஊரில் நம்மை நம்பி நம் கடை நிழலில் ஒதுங்குகிறவர்களுக்கு, அந்நிழல் பத்திரமானதாக இருக்கட்டும்.